கால் வாட்டம்

தச்சர் விழுந்தது தன் வீட்டுக் கூரையிலிருந்து அல்ல, ஊரான் வீட்டுக் கூரையிலிருந்து. "விழுந்ததுதான் விழுந்தாரு, நம்ம வீட்டு வேலையில விழுந்திருக்கக் கூடாதா" என்று அவர் சம்சாரம், எங்கள் அக்கா, சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துவாள். அதில் என்ன ஆறுதலோ, நான் கேட்டதில்லை. அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

எதிர்வீடு என்னுடையது. வீடென்றால் ஒரே அறை. அதில் தையல் மிஷின் ஒன்று, துணி வெட்டும் மேசை ஒன்று, மிச்ச இடத்தில் நான். மிஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருப்பதால் எதிர்வீட்டில் யார் தும்மினாலும் எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவள் இல்லை என்றாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் புருசன் என்னை விட்டுவிட்டுப் போன நாளில் எனக்குச் சோறு போட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் புத்திதான் போட்டார்கள்.

அவர்கள் இருந்தது பின்பக்கத்துத் தகர அறையில். முன்னால் புது வீட்டுக்கு நான்கு சுவரும் எழும்பித் தலையில்லாமல் நின்றது. அது தச்சர் தானே கட்ட ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் கூரை போட்டவருக்குத் தன் வீட்டுக்குக் கூரை போட நேரம் வாய்க்கவில்லை. போன மழைக்காலத்தில் அந்தத் தகரம் ஒழுகி மெத்தை நனைந்து, படுத்தே கிடந்து வந்த அவர் முதுகுப் புண் சீழ் வைத்து, நெஞ்சில் சளி கட்டிச் செத்துப் பிழைத்தார். புண்ணுக்கு மருந்து கட்ட வரும் நர்ஸம்மா அக்காவை வாசலுக்குக் கூப்பிட்டு, "இதோ பாருங்கம்மா, இன்னொரு தடவை இந்த உடம்பு நனைஞ்சா தாங்காது. ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே நினைப்பு. அடுத்த மழைக்குள் முன்வீட்டுக்குக் கூரை ஏற வேண்டும்.

ஏற்ற வந்தவன் அவள் தம்பி. கொத்தனார். தெருவில் அவனுக்குப் பேர் அவசரம். டீயை ஆறவிட்டுக் குடித்ததாகச் சரித்திரமே கிடையாது. எதிலும் அப்படித்தான். ஆனால் அக்கா என்றால் உயிரைக் கொடுப்பான். வெளியூரில் பிடித்திருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கரணையும் தூக்குக்குண்டுமாக வந்து இறங்கினான்.

"மாமா, நீங்க படுத்துக்கிட்டே மேஸ்திரி. நான் சித்தாள். சொல்லுங்க, முகடு எவ்வளவு தூக்கணும்?"

நானும் அப்போது அங்கேதான் இருந்தேன், தலையணை உறை தைத்துக் கொண்டுபோயிருந்தேன். தச்சர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கால் வாட்டம் வை மாப்ளே."

"கால் போதுமா?"

"ஓட்டுக் கூரைச் சரிவுக்குக் கால்தான் அளவு." அவர் போர்வைக்குள் கிடந்த தன் கால்களைப் பார்த்தார். "எனக்குத்தான் கால் இல்லாமப் போச்சு. வீட்டுக்காச்சும் கால் இருக்கட்டும்டா."

அக்கா "சும்மா இருங்க" என்று அதட்டினாள். அதட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். தம்பி சிரித்தான், நானும் சிரித்தேன், தச்சருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர் விழுந்த நாளிலிருந்து அந்த அறையில் யாரும் சிரித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்பி டேப்பை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனான். எதில் கால் என்று கேட்க வேண்டிய வாய் சிரித்துக்கொண்டு போய்விட்டது.

வேலை மும்முரமாக நடந்தது. அக்கா விடிந்ததும் புருசனுக்கு உடம்பு துடைத்து, மூத்திரப் பையை மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு, தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு ஓடு சுமக்கப் போவாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஓட்டுத் தூசி அவள் முகத்தில் அப்பி, வேர்வை அதில் கோடு கோடாக இறங்கும். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. "ஒரு ஆளை வச்சுக்கக்கா" என்றால், "வந்த ஆளுக்குச் சமைக்கிற நேரத்துக்கு நானே சுமந்துருவேன், போடி" என்பாள். தம்பி இரண்டு பக்கத்து முக்கோணச் சுவரையும் எழுப்பினான், முகட்டுக் கட்டையை ஏற்றினான், முகட்டிலிருந்து சுவருக்குக் கைமரங்களை அளந்து வெட்டிச் சாத்தினான், குறுக்கே சட்டம் அடித்தான், ஓடு பரப்பினான். தச்சர் பின்னறையில் படுத்தபடி சுத்தியல் சத்தத்தை வைத்தே, "ஆணி வளையுதுடா, மெல்ல அடி" என்று குரல் கொடுப்பார். தெருவே பார்த்து மெச்சியது. பின்னறையின் கதவும் மரமும் புது வீட்டுக்குத் தேவைப்பட்டதால் அதைப் பிரித்துப் போட்டார்கள். தச்சரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய்ப் புது வீட்டின் நடுவில் வைத்தார்கள். நானும் ஒரு கால் பிடித்தேன், கட்டில் காலை.

படுத்திருக்கிறவருக்குக் கூரையைத் தவிர வேறென்ன தெரியும்? கட்டிலை இறக்கி வைத்ததும் அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. "என்ன மாமா, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான். "ஆணியெல்லாம் நேரா ஏறியிருக்கு மாப்ளே" என்றார் தச்சர். அவ்வளவுதான்.

அன்று அவர் சாப்பிடவில்லை. உப்பு கூடிவிட்டதா, வயிறு சரியில்லையா என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். மறுநாள் தம்பி கடைக்குப் போன சமயம் பார்த்து அவளைக் கூப்பிட்டார். நான் புண்ணுக்குப் பழந்துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டூல் மேல ஏறு. அடிக்கோலை எடுத்துக்க, ரசமட்டத்தையும் எடுத்துக்க."

"எதுக்கு இப்ப?"

"ஏறுன்னா ஏறு. கோலோட ஒரு முனையைக் கைமரத்துக்கு அடியில முட்டவை. மறுமுனையை முகட்டுப் பக்கம் காட்டிக் கோலைப் படுக்கவசமாப் பிடி. மேல ரசமட்டத்தை வை. குமிழி நடுவுல நிக்குதா?"

"ஆடுது."

"உன் கைதான் ஆடுது. மூச்சை அடக்கு."

"நின்னுருச்சு."

"இப்ப அந்த மறுமுனையிலேர்ந்து நேர் மேல கைமரம் வரைக்கும் எத்தனை அங்குலம்னு பாரு. தையக்காரம்மா, உன் டேப்பைக் கொடு அவகிட்ட."

கழுத்தில் கிடந்த டேப்பைக் கொடுத்தேன். அக்கா அளந்தாள்.

"மூணு."

"சரியாப் பாரு."

"மூணுதாங்க. மூணுக்கு மேல ஒரு நூல்கூட இல்ல."

தச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆறு இருக்கணும்டி" என்றார்.

தம்பி வந்தான். வந்ததும் வராததுமாக வாக்குவாதம் பிடித்துக்கொண்டது.

"கால்னுதானே மாமா சொன்னீங்க?"

"ஆமா, கால்னுதான் சொன்னேன்."

"சுவத்துலேர்ந்து முகடு நேருக்கு எட்டடி. எட்டுல கால் எவ்வளவு? ரெண்டு. ரெண்டடிதான் தூக்கியிருக்கேன். இதுல என்ன தப்பு?"

"சுவத்துக்குச் சுவர் எவ்வளவு மாப்ளே?"

"பதினாறு."

"பதினாறுல கால்?"

தம்பி "நாலு" என்றான்.

"கூரைக்காரன் வீட்டகலத்துலதான்டா கால் சொல்லுவான்."

"கொத்தனாரு பாதியிலதான் கணக்குப் போடுவான். ஒரு பக்கம் போட்டா மறுபக்கம் அதேதானே? நான் எங்க போய்க் கண்டேன், நீங்க முழுசுல சொல்றீங்கன்னு?"

எனக்கு உடனே புரிந்தது. துணியை மடித்துப் போட்டுக் காலாக வெட்டுவதும் விரித்துப் போட்டுக் காலாக வெட்டுவதும் ஒன்றா? வார்த்தை ஒன்றுதான், சட்டை பாதியாகிவிடும். ரெண்டு பேர் சொன்னதும் சரி. யாரைப் போய்க் குற்றம் சொல்ல?

"சரி, குறைஞ்சா என்ன இப்ப?" தம்பிக்குக் குரல் ஏறிவிட்டது. "தண்ணி கீழதானே ஓடும்? மேலயா ஏறும்?"

"ஏறும். வாட்டம் குறைஞ்சா தண்ணி ஓடாது மாப்ளே, நடக்கும். எதிர்க்காத்து அடிச்சா நிக்கும். நின்ன தண்ணி ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல பின்னால ஏறி உள்ள இறங்கும். எத்தனை வீட்டுல பார்த்திருக்கேன்."

தம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறினான். முகட்டில் நின்று ஒரு வாளி கொட்டினான். அக்காவை எடுத்துக் கொடுக்கச் சொல்லி இன்னொன்று, மற்றொன்று. "எங்க, ஒரு சொட்டு வருதா பாருங்க! ஒரு சொட்டு!" என்று மேலிருந்து கத்தினான். ஒரு சொட்டும் வரவில்லை. கூரை விளிம்பில், இறவாணத்தில், சொளசொளவென்று கொட்டிற்று. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவன் இறங்கி வந்து நனைந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றபோது தச்சர் மெதுவாகச் சொன்னார். "வாளித் தண்ணிக்குக் காத்து கிடையாது மாப்ளே."

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். இறங்கிய குரலில் கேட்டான்.

"இந்த மழைக்கு இப்படியே இருக்கட்டுமே மாமா. மழை முடிஞ்சதும் பிரிச்சு நீங்க சொன்னபடி நாலடி தூக்கித் தர்றேன். என் தலை மேல சத்தியம்."

"எனக்கு ஒரு மழைதான்டா கணக்கு. இந்த மழையில நனைஞ்சா அடுத்த மழைக்கு யாருக்குக் கூரை?"

"வெட்டின கைமரம் வளருமா? நாலடிக்குத் தூக்கினா எட்டு அங்குலம் பத்தாதே."

"இறவாணத்துல ஒண்ணரை அடி நீட்டியிருக்கேல்ல? அதுல எட்டு அங்குலம் போனாப் போகட்டும். அது எனக்கு நேத்தே கணக்குப் பண்ணியாச்சு."

நேற்று அவர் சாப்பிடாமல் கிடந்தது அதற்குத்தான்.

இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் புருசன், ஒரு பக்கம் தம்பி. அவள் சுமந்த ஓடு மேலே இருக்கிறது. அவள் கையில் காயம் இன்னும் ஆறவில்லை. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. மழைக்கு இன்னும் நாளிருக்கிறது என்றுதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எத்தனை நாள் ஆகும்டா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"முக்கோணச் சுவரைத் தூக்கி, காயவிட்டு, முகடு ஏத்தி... ஒரு வாரத்துல முடிச்சிரலாம்."

"அவரு கூரைன்னா தப்பாச் சொல்ல மாட்டாரு. பிரிடா."

"அதுவரைக்கும் இவரை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்துரு அக்கா" என்றேன் நான். தச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னை ஒரு தடவை தூக்கினா புண்ணு ஒரு வாரம் பேசுது. அதுவுமில்லாம வேலையை யாரு பார்க்கிறது? நான் கீழயிருந்து பார்க்கணும் தையக்காரம்மா. இன்னொரு தடவை கால்ல தப்பு வந்தா இந்தக் குடும்பம் தாங்காது" என்றார். அந்த மனிதருக்கு அந்த நிலைமையிலும் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. சரி, நல்லதுக்குத்தானே என்று விட்டுவிட்டோம்.

மூலையில் கட்டிலைத் தள்ளி மேலே தார்ப்பாய் கட்டினார்கள். ஏறிய ஓடெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியது. அக்கா வாங்கி வாங்கி அடுக்கினாள். தம்பியும் தச்சரும் ராசியாகிவிட்டார்கள். சொல்லப்போனால் அந்த நான்கைந்து நாளும் அந்த வீட்டில் ஒரு கலகலப்பு இருந்தது.

"அகலத்துல கால். திருப்பிச் சொல்லு."

"அகலத்துல கால் மாமா."

"அடிக்கு?"

"அடிக்கு ஆறு."

"இனிமே எவன் கால்னு சொன்னாலும் என்ன கேப்ப?"

"உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு எதுல கால்னு கேப்பேன்."

"கும்பிட்டுத் தொலை. தொட்டாலும் எனக்குத் தெரியப்போறதில்ல" என்பார் தச்சர். அக்கா இரண்டு பேரையும் வாயை மூடச் சொல்லி முட்டை அவித்துக் கொடுப்பாள்.

சுவர் உயர்ந்துவிட்டது. இனி முகட்டுக் கட்டை ஏற வேண்டும். பூச்சு காயட்டும், நாளைக்கு ஏற்றலாம் என்றான் தம்பி. அவசரம் என்று பேரெடுத்தவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பொறுமையாக இருந்தான்.

மறுநாள் மதியம் நான் ஒரு ரவிக்கைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று வாசல் இருண்டது. தெருக் குப்பையெல்லாம் எழும்பி ஓடியது. காற்று வந்த வேகத்தில் என் மேசை மேல் இருந்த துணியெல்லாம் பறந்தது. அடி ஆத்தா, அங்கே கூரையில்லையே என்று நான் எழுந்து ஓடுவதற்குள் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்துவிட்டது. போய்ப் பார்த்தால் தார்ப்பாயின் ஒரு பக்கக் கயிறு அறுந்து, பாய் படார் படாரென்று அடித்துக்கொள்கிறது. அதற்குள் பாயில் தேங்கிவிட்ட தண்ணீர் மொத்தமும் கட்டிலில் கொட்டிவிட்டது. அக்கா அவர் மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள். தன் உடம்பால் எவ்வளவைத்தான் மறைப்பாள்? தம்பி பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான், காற்று அவனையும் சேர்த்து இழுத்தது.

"விடுறா அதை! கதவைக் கழட்டு!" என்று கத்தினேன். கதவுப் பலகையில் அவரைப் புரட்டி வைத்து, மூன்று பேருமாகத் தெருவைத் தாண்டி என் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். வெட்டும் மேசையில் படுக்க வைத்தோம். துவட்டத் துவட்ட உடம்பு நடுங்கியது. உதடு நீலமாக இருந்தது. வீட்டிலிருந்த அத்தனை துணியையும் அவர் மேல் போட்டேன், யாருடையது என்று பார்க்கவில்லை. நாங்கள் அவரைத் துவட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிட்டது. வெயிலும் அடித்தது. பாழாய்ப்போன மழை, அதற்காகத்தான் வந்தது போல வந்துவிட்டுப் போனது.

நர்ஸம்மா வந்து நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்றதற்கு, "அவ்வளவு தூரம் தாங்குவாரா?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். மருந்து கொடுத்தார், ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கவே இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. தம்பி பித்துப் பிடித்தவன் மாதிரி எதிர்வீட்டுச் சுவர் மேலேயே கிடந்தான். அவனும் ஒருத்தனாக என்ன செய்ய முடியும்? மழை விட்டு விட்டுப் பெய்தது. ஈரச் சுவரில் முகட்டைத் தூக்கி வைக்கவும் முடியவில்லை.

ஒருநாள் தச்சர் கண்ணைத் திறந்து, "முகடு ஏறிருச்சா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏறிருச்சுங்க" என்றாள்.

"ஓடு?"

"பரப்பியாச்சு. நீங்க எந்திரிச்சு வந்து பார்க்க வேண்டியதுதான்."

"அடிக்கு எத்தனை நிக்குது?"

"ஆறு." அதை மட்டும் டக்கென்று சொன்னாள்.

"இறவாணம் எவ்வளவு நீட்டிக்கிட்டிருக்கு?"

அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "அது... ஒரு ஒண்ணரை அடி இருக்கும்" என்றாள். ஒன்றரை அடியில் எட்டு அங்குலம் போனால் பத்து என்பது அவளுக்கு அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் வரும்?

தச்சர் சிரித்தார். சிரிப்பென்று சொல்ல முடியாது, உதடு கொஞ்சம் விலகியது. "பொய் சொல்லக்கூட அளவு தெரியணும்டி" என்றார்.

அதற்கு அடுத்த நாள் என் மேசை மேலேயே அவர் உயிர் போய்விட்டது. காரியமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் அழுதார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அந்த மேசையில் துணி விரிக்க எனக்கு வெகு நாள் கை வரவில்லை. தரையில் விரித்தே வெட்டினேன்.

தம்பி ஊருக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் முகட்டை ஏற்றினான், கைமரம் சாத்தினான், ஓடு பரப்பினான். அடிக்கு ஆறு, அகலத்தில் கால், இறவாணம் பத்து அங்குலம். ஒரு நூல் பிசகில்லை. அக்கா அப்போதும் அவனுக்கு ஓடு எடுத்துக் கொடுத்தாள். எப்படித்தான் அவளுக்குக் கை வந்ததோ.

பெருமழை அதற்குப் பிறகுதான் வந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. எதிர்க்காற்று, ஊளையிட்டுக்கொண்டு சுவரில் மோதியது. தெருவில் எத்தனையோ வீடு ஒழுகியது, என் வீடும் ஒழுகியது. நான் மிஷினை மூடிப்போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். தம்பி கையில் விளக்கை வைத்துக்கொண்டு மூலை மூலையாக மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்டின் மேல் தண்ணீர் விழுவதும் ஓடுவதும் கேட்டது. எங்கேயும் நிற்கவில்லை.

"ஒரு சொட்டு இல்லக்கா" என்றான் தம்பி. அவர் போன பிறகு அவன் பேசிய முதல் பேச்சு. "மாமா சொன்னது சரிதான். ஒரு சொட்டு இறங்கல பாரு."

அக்கா மேலே பார்க்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். எனக்கு மறைக்காமச் சொல்லு."

"கேளுக்கா."

"அன்னைக்கு வந்த மழைக்கு அந்தப் பழைய ரெண்டடிக் கூரையே இருந்திருந்தா ஒழுகியிருக்குமா?"

தம்பி விளக்கைத் தரையில் வைத்தான். "ஒழுகியிருக்கும்க்கா. காத்தடிச்சுதே."

"எவ்வளவு ஒழுகியிருக்கும்?"

அவன் விளக்குப் பக்கத்தில் குந்தித் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தானே பிரிடான்னு சொன்னேன்" என்றாள் அக்கா. "சும்மா இருந்திருந்தா, கட்டிலை இந்தண்ட இழுத்துப் போட்டு, ஒழுகுற இடத்துல ஒரு சட்டியை வச்சிருந்தா போதாதாடா?"